எந்த ஓ.டி.?

எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் 2022-ஆம் ஆண்டுப் பக்கங்களைப் புரட்டினால், வரவுப் பத்தியிலும் ஓ.டி. இருக்கும், செலவுப் பத்தியிலும் ஓ.டி. இருக்கும். வரவில் இருப்பது ஓவர்டைம். செலவில் இருப்பது ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேலும் எடுத்துக்கொள்ள வங்கி தரும் கடன். இங்கிலீஷில் கடைசி எழுத்தாவது வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். மாதக் கடைசியில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மனைவி கேட்பாள்: "ஏங்க, இது எந்த ஓ.டி.?" பல மாதங்களில் அந்தக் கேள்விக்கே வேலை இருக்காது. ஒன்று வந்த கையோடு இன்னொன்றுக்குப் போயிருக்கும்.

கடன் 38,000 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். பெரிய தொழில் செய்கிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் 2021-இல் என் அடிப்படைச் சம்பளம் 2,300 வெள்ளி. ஒரு காசுகூடச் செலவழிக்காமல் காற்றைக் குடித்து வாழ்ந்தால் பதினாறரை மாதச் சம்பளம். அதை 2025 மார்ச் மாதம் அடைத்து முடித்தேன். எப்படி என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையும், சொல்லக் கூச்சப்பட்டு விட்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கும் என் மச்சானுக்கும் பினாங்கின் ஜார்ஜ் டவுனில், லெபோ பினாங்குக்குப் பக்கத்துச் சந்தொன்றில் ஓர் அச்சுக்கடை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கருமக்கிரியை அட்டை, தைப்பூசம் வந்தால் தண்ணீர்ப்பந்தல் பேனர். இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. காகிதத்தை இன்றைக்கே வாங்க வேண்டும். பத்திரிகை அடிக்கச் சொன்னவர் பாதிப் பணத்தை முன்னால் கொடுப்பார், மீதியைக் கல்யாணம் முடிந்து மொய் எண்ணிய பிறகுதான் கொடுப்பார். காகிதம் கொடுக்கும் சீனத் தவுக்கே (முதலாளி) 30 நாள் தவணை தருவார். கல்யாண வீட்டுக்காரர் 60 நாள் எடுத்துக்கொள்வார். நடுவில் இருக்கும் அந்த 30 நாளுக்குத்தான் ஓ.டி.

2014-இல், பிறையில் இருக்கும் எங்கள் ஒற்றை மாடி வீட்டை அடமானமாக எழுதிக் கொடுத்து, ஒரு வங்கியில் 40,000 வெள்ளிக்கு ஓ.டி. வாங்கினேன். வட்டி பி.எல்.ஆர். என்னும் வங்கியின் அடிப்படைக் கடன் விகிதம் கூட்டல் ஒன்றரை விழுக்காடு. அடுத்த வருடம் ஜனவரியிலிருந்து புதுக் கடன்களுக்கு வேறு அடிப்படை விகிதம் வந்துவிட்டது, 2022 ஆகஸ்ட்டில் அதுவும் மாறி எஸ்.பி.ஆர். என்ற இன்னொரு அடிப்படை விகிதம் வந்தது. என்னுடையது பழைய கடன் என்பதால் கடைசிவரை பி.எல்.ஆரிலேயே இருந்தது.

ஓ.டி.யே கெட்டது என்று சொல்ல மாட்டேன். முதல் மூன்று வருடம் அது என்ன வேலைக்கு வந்ததோ அந்த வேலையைத்தான் செய்தது. கணக்கு கீழே போகும், கல்யாண சீசன் முடிந்தால் மேலே வரும். 2016 தை மாதம் முடிந்தபோது ஒரு வாரம் கணக்கில் எங்கள் சொந்தப் பணம்கூட இருந்தது. அந்த வாரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, ஏனென்றால் அப்புறம் அப்படி ஒரு வாரம் வரவேயில்லை.

லெபோ பினாங்கில் ஒரு காலத்தில் வட்டிக்குப் பணம் கொடுக்கும் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் கோயில் வீடு இன்னும் அந்தத் தெருவில்தான் இருக்கிறது. என் தாத்தா கிட்டங்கியில் கடன் வாங்கியவர். பாயில் உட்கார்ந்து, மேசைப்பெட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முகத்தைப் பார்த்து, எதற்கு வேண்டும், எப்போது கொடுப்பாய் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லித்தான் பணம் வாங்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். தாத்தாவுக்கு அது பிடிக்காதாம். முதல் நாள் இரவு தூங்க மாட்டாராம்.

ஓ.டி. அப்படியில்லை. ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். பிறகு யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். செக் புத்தகத்தைத் திறந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான். மாதத் தவணை கிடையாது, கடைசித் தேதி கிடையாது. வட்டியை வங்கியே நாள்தோறும் கணக்குப் பார்த்து மாதக் கடைசியில் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதாவது வட்டியையும் கடனிலிருந்தே கட்டுகிறோம். வருடத்துக்கு ஒரு தடவை கடைக் கணக்கைக் காட்டச் சொல்வார்கள், காட்டுவேன், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட மோசமானது ஏ.டி.எம். திரை. கணக்கில் 26,000 வெள்ளி பற்று இருக்கிறது என்று வையுங்கள். திரை என்ன காட்டும்? எடுக்கக்கூடிய தொகை 14,000. கடன் 26,000 என்பதை மாத அறிக்கையில்தான் பார்க்க முடியும், அதுவும் ஒரு சின்னக் கழித்தல் குறியோடு. நான் ஆறு வருடம் அந்த 14,000-ஐத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளின் டியூஷன், மாமியாரின் கண் ஆபரேஷன், குளிர்சாதனப் பெட்டி, ஒரு தடவை பழனி யாத்திரை. எல்லாம் "எடுக்கக்கூடிய தொகை"யிலிருந்து எடுத்தவை. கடைக்கு என்று வாங்கியதில் கடைக்கு எவ்வளவு போனது, வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்று இன்றைக்குக் கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஓவர்டிராஃப்டுக்குத் தமிழில் மிகைப்பற்று என்று பெயர். பெயர் வைத்தவர் கணக்கரா சாமியாரா என்று தெரியவில்லை.

கைப்பேசியில் பத்திரிகை அனுப்பும் பழக்கம் வந்தபோதே தொழில் படுக்க ஆரம்பித்திருந்தது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது முழுசாகப் படுத்தது. அந்த ஏப்ரல் மாதக் கல்யாணம் ஒன்றுக்கு 600 பத்திரிகை அடித்து அடுக்கி வைத்திருந்தோம். தங்க எழுத்து, பிள்ளையார் தனியாக வெட்டி ஒட்டியது. மாப்பிள்ளை வீட்டாரைக் குறை சொல்ல முடியாது, கல்யாணமே இல்லை என்றால் எதற்குப் பணம் கொடுப்பார்கள்? அந்தப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில்தான் என் மகள் ஒரு வருடம் கணக்குப் போட்டுப் பழகினாள். அக்டோபரில் கடையை மூடினோம். மச்சான் ஜொகூர் பக்கம் வேலைக்குப் போனார். வீடு என் பெயரில் இருந்ததால் கடனும் என் பெயரில் இருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. தீபாவளிக்கு வருகிறார், சாப்பிடுகிறார், போகிறார்.

2021 தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் வேலை கிடைத்தது. பிறையிலிருந்து பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். காடியில் போனால் டோல் 5 வெள்ளி 74 காசு. மோட்டார் சைக்கிளுக்கு 2019 ஜனவரியிலிருந்தே டோல் இல்லை. அதனால் மழையோ வெயிலோ, மோட்டார்தான். பாலத்தின் நடுவில் மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க இடம் கிடையாது. எத்தனை நாள் சொட்டச் சொட்ட நனைந்து போய் ஸ்டோரில் நின்றிருக்கிறேன்! மேற்பார்வையாளர் ஒரு பழைய சட்டையைக் கொண்டுவந்து என் லாக்கரில் வைத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, வைத்தார்.

முதல் மாதச் சம்பளம் வந்த அன்று உட்கார்ந்து முதன்முதலாக வட்டியை நாள்கணக்கில் போட்டுப் பார்த்தேன். அப்போது என் விகிதம் 7.1 விழுக்காடு. 38,000-க்கு வருடத்துக்கு 2,698 வெள்ளி. 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 7 வெள்ளி 39 காசு. முட்டையும் வெண்டைக்காயும் வைத்து ஒரு தட்டு நாசி கண்டார் சோறு. தூங்கினாலும் 7.39, ஞாயிற்றுக்கிழமையும் 7.39, தீபாவளியன்றும் 7.39.

அப்புறம் ஓவர்டைம் கணக்கு. சம்பளத்தை 26-ஆல் வகுத்து, அதை 8-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 11 வெள்ளி 6 காசு. சாதாரண நாளில் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 16 வெள்ளி 59 காசு. இந்தப் பணத்தில் ஓய்வுக்காலச் சேமநிதி பிடிக்க மாட்டார்கள் என்பதால் ஏறக்குறைய முழுசாகக் கைக்கு வரும். ஆக, ஓ.டி. வட்டிக்கு மட்டும் நான் தினமும் 27 நிமிடம் ஓ.டி. செய்ய வேண்டும். அந்த 27 நிமிடத்துக்குப் பிறகு செய்வதுதான் கடனைக் குறைக்கும். இந்தக் கணக்கை மனைவியிடம் சொன்னபோது அவள் கேட்டது: "அப்ப ஆறு வருஷமா அந்த 27 நிமிஷத்தை யாரு செஞ்சா?" யாரும் செய்யவில்லை. அதனால்தான் 38,000.

ஓ.டி. மட்டும் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கடன் அட்டையில் 4,200 வெள்ளி, 18 விழுக்காடு வட்டி. அடகுக்கடையில் மனைவியின் சங்கிலியும் இரண்டு வளையலும், 6,000 வெள்ளிக்கு. இந்த அடகுக் கதையைத்தான் சொல்லக் கூச்சப்பட்டேன். 2020 ஜூனில் ஓ.டி. 40,000 எல்லையை முட்டிக்கொண்டு நின்றது. எல்லை தாண்டினால் கூடுதல் வட்டி, செக் திரும்பும் அவமானம். பயத்தில் நகையை அடகு வைத்து, அந்தப் பணத்தை ஓ.டி.யில் போட்டேன். அடகுக்கடையில் சட்டப்படி மாதத்துக்கு 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். என்னிடம் அந்த 2 விழுக்காட்டைத்தான் வாங்கினார்கள். வருடத்துக்கு 24. ஏழு விழுக்காட்டுக் கடனைக் குறைக்க 24 விழுக்காட்டில் கடன் வாங்கிய புத்திசாலி நான்தான். மாதம் 120 வெள்ளி வட்டி கட்டி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம்.

இதை எனக்குப் புரியவைத்தது ஏ.கே.பி.கே. ஆலோசகர். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம் அது. கட்டணம் கிடையாது. மறுபடி ஊரடங்கு மாதிரி இருந்த சமயம் என்பதால் போனில்தான் பேசினோம். முதலில் நான் ஓ.டி.யைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், பெரிய தொகை அதுதானே. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு எல்லாக் கடனையும் வட்டி விகித வரிசையில் எழுதச் சொன்னார். தொகை வரிசையில் அல்ல. எழுதினேன். அடகு மேலே, அட்டை நடுவில், என்னைத் தூங்கவிடாத ஓ.டி. கடைசியில். கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடையில் மிச்சமிருந்த வெட்டும் மெஷினையும் ஆஃப்செட் மெஷினையும் புக்கிட் மெர்தாஜாமில் ஒருவர் 8,000 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டார். 6,000 நகைக்கு, 2,000 அட்டைக்கு. அட்டையில் மீதியை அந்த வருடம் தீபாவளிக்கு முன் முடித்து, கத்தரிக்கோலால் வெட்டிப்போட்டோம். அதுவரை ஓ.டி.க்கு வட்டி மட்டும் கட்டினேன். 38,000 அசையாமல் கிடந்தது. ஒரு வருடம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

2022 ஜனவரியிலிருந்து மாதம் 800 வெள்ளி. மாதத்துக்கு 30 மணி நேரம் ஓவர்டைம் செய்தால் ஏறக்குறைய 500. மனைவி ரவிக்கை தைத்து 300. சம்பளத்தைத் தொடக் கூடாது, அது சாப்பாட்டுக்கும் பிள்ளைக்கும். பொது விடுமுறையில் ஆள் வேண்டும் என்று கேட்டால் முதல் கை என்னுடையது. அந்த வருடம் எத்தனை ராஜாக்களின் பிறந்தநாள் இருக்கிறது என்று நாட்காட்டியில் தேடியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த ஏப்ரலில் சேமநிதியிலிருந்து 10,000 வெள்ளி வரை எடுக்கலாம் என்று அரசாங்கம் அனுமதித்தது. நான் 6,000 எடுத்து ஓ.டி.யில் போட்டேன். கடன் 30,000-க்குக் கீழே வந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது. 2021-க்கு சேமநிதி கொடுத்த லாப ஈவு 6.1 விழுக்காடு, என் ஓ.டி. வட்டி 7.1. வித்தியாசம் ஒரு விழுக்காடு. 6,000-க்கு வருடத்துக்கு 60 வெள்ளி. அறுபது வெள்ளி லாபத்துக்காக என் அறுபதாவது வயதுப் பணத்தை எடுத்தேன். பிறகு ஓ.டி. வட்டி ஏறியதால் வித்தியாசம் கூடியது, அது வேறு விஷயம், அதை முன்கூட்டி அறிந்து நான் செய்யவில்லை. 2024 மே மாதம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃப்ளெக்சிபல் கணக்கைச் சேமநிதியில் கொண்டுவந்தார்கள். தொழிற்சாலையில் பாதிப் பேர் அன்றைக்கே எடுத்தார்கள். நான் அதைத் தொடவில்லை. ஒரு தடவை தொட்டது போதும்.

ஓ.டி.யில் எல்லோரும் சொல்லும் ஒரு யோசனை உண்டு. வட்டி நாள்கணக்கு என்பதால், சம்பளம் முழுவதையும் ஓ.டி. கணக்கிலேயே போட்டுவிட்டு, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் வட்டி குறையும். உண்மைதான். என் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டால் மாதம் ஆறேழு வெள்ளி மிச்சம். நான்கு மாதம் செய்து பார்த்தேன். மிச்சமானதைவிட அதிகமாக வெளியே போனது. எடுப்பது சம்பளமா கடனா என்பதே தெரியாமல் போய்விடுகிறது. கையடக்கமான ஆளுக்கு அது நல்ல யோசனை; நான் அந்த ஆள் இல்லை. சம்பளத்துக்கு வேறு வங்கியில் தனிக் கணக்கு திறந்தேன்.

இதற்கிடையில் விகிதம் ஏறத் தொடங்கியது. 2022 மே, ஜூலை, செப்டம்பர், நவம்பர், பிறகு 2023 மே. ஒவ்வொரு தடவையும் கால் விழுக்காடு. மற்ற வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான பேங்க் நெகாராவின் ஓ.பி.ஆர். விகிதம் 1.75-இலிருந்து 3-க்குப் போனது. என் 7.1 கடைசியில் 8.35 ஆனது. இரவுச் செய்தியில் இதைப் படிக்கும்போது மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள். அவள் கணக்கில் கால் விழுக்காடு என்றால் மாதம் அரை ரவிக்கை.

சரி, இப்போது 2022 தீபாவளிக்கு வருகிறேன். அக்டோபர் 24. அதற்கு முந்திய வாரம் கடன் 26,600. ஒன்பது பத்து மாதம் கடித்துப் பிடித்துக் கட்டியிருக்கிறோம். ஏ.டி.எம். திரையில் என்ன இருக்கும் என்று பாருங்கள்: எடுக்கக்கூடிய தொகை 13,400. நான் கட்டக் கட்ட அது எனக்குக் கொடுக்கத் தயாராகிக்கொண்டே வந்திருக்கிறது! கடன் குறைவதும் ஆசை பெருகுவதும் ஒரே எண். ஊரடங்கெல்லாம் முடிந்து முதல் முழுத் தீபாவளி, மகளுக்கு இரண்டு வருடமாகப் புதுத்துணி சரியாக எடுக்கவில்லை, மோட்டாருக்கும் டயர் போட வேண்டும். ஒரே மாலையில் 1,800 எடுத்தேன். யாரும் எதையும் கேட்கவில்லை.

மனைவி திட்டவில்லை. நோட்டில் எழுதும்போது மட்டும் வரவுப் பத்தியில் "ஓ.டி. 1,800" என்று எழுதி, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "இது எந்த ஓ.டி.ங்க?"

மூன்று வருட ஓவர்டைமை ஒரு மாலையில் திருப்பி எடுத்திருந்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அது 109 மணி நேரம், நாலு மாத ஓவர்டைமைவிடக் கொஞ்சம் குறைவு. அது போதாதா? அன்று இரவு தாத்தாவின் நினைவு வந்தது. எதற்கு வேண்டும், எப்போது கொடுப்பாய். அந்த இரண்டு கேள்வியைக் கேட்க ஆளில்லாததுதான் என் வியாதி என்று பட்டது.

நவம்பரில் ஒரு நாள் அரை நாள் லீவு போட்டு வங்கிக்குப் போனேன். என் ஓ.டி. எல்லையை 40,000-இலிருந்து 29,000-ஆகக் குறைக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் இரண்டு தடவை படித்தார். "என்சிக், கூட்டவா, குறைக்கவா?" குறைக்க. "குறைத்தால் பிறகு கூட்டுவது கஷ்டம். மறுபடி விண்ணப்பம், சம்பளச் சீட்டு, எல்லாம் வேண்டும்." அதுதான் எனக்கும் வேண்டும் என்றேன். அவர் உள்ளே போய் அதிகாரியிடம் காட்டினார். அதிகாரி எட்டிப் பார்த்தார். தவணைக் கடனாக மாற்றித் தரட்டுமா என்றும் கேட்டார்கள். நல்ல யோசனைதான், ஆனால் புது ஒப்பந்தம், முத்திரை வரி, வக்கீல் கட்டணம் என்று மறுபடி கையிலிருந்து போகும். வேண்டாம், எல்லையை மட்டும் குறையுங்கள் என்றேன்.

அடுத்த வாரம் ஏ.டி.எம். திரையில் எடுக்கக்கூடிய தொகை சில நூறு வெள்ளிதான் காட்டியது. அப்படி ஒரு நிம்மதியை அதில் நான் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, கட்டியது எவ்வளவோ அவ்வளவு எல்லையைக் குறைக்கச் சொல்லிக் கடிதம். மூன்றாவது தடவை போனபோது அந்தப் பெண்ணே படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு சிரித்தார். என்னைக் கேட்டால் இந்த ஒரு கடிதம்தான் கடனை அடைத்தது. ஓவர்டைம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கூட்டுப் பணத்தையும், அதாவது சீட்டுப் பணத்தையும், சொல்லிவிட வேண்டும். மனைவி எங்கள் தாமானில் (குடியிருப்பில்) பன்னிரண்டு பெண்களோடு மாதம் 200 வெள்ளிக் கூட்டு போட்டிருந்தாள். எல்லோரும் முன்னால் எடுக்கப் பார்ப்பார்கள், இவள் வேண்டுமென்றே கடைசி மாதம் எடுப்பாள். 2,400 வெள்ளி மொத்தமாக வரும். 2023-இல் ஒரு தடவை, 2024-இல் ஒரு தடவை, இரண்டும் ஓ.டி.க்குப் போனது. கூட்டு நடத்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. நடுவில் ஒருவர் பணத்தோடு போய்விட்டால் போலீசுக்குப் போகவும் வாய் வராது. அதனால் இதை யாருக்கும் நான் சொல்லித்தர மாட்டேன். எங்கள் தெருவில் அந்தப் பன்னிரண்டு பேரும் ஒருவர் வீட்டுச் சாவியை ஒருவர் வைத்திருப்பவர்கள், அதனால் நடந்தது.

2023, 2024 பற்றி எழுத ஒன்றுமில்லை. 800, 800, 800. போனஸ் வந்தால் அதுவும். வட்டி மாதம் மாதம் இளைத்தது. 2024 கடைசியில் மாதத்துக்கு 30 வெள்ளியைவிடக் கீழே போனது. மகள் ஐந்தாம் படிவம் முடித்தாள். எனக்கு முதுகுவலி வந்தது, இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை ஓவர்டைமால் மூன்று சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதில் ஒருவர் இன்னும் பேசுவதில்லை. அவர் கல்யாணத்துக்குப் பத்திரிகையே அடிக்கவில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்கிறேன். எல்லாம் கைப்பேசியில்தான்.

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை. மீதி 1,640 வெள்ளி. வேலை முடிந்து பாலத்தைத் தாண்டி வந்து, வங்கி மூடுவதற்குள் போய்ச் சேர அன்று மட்டும் சீக்கிரம் அனுமதி கேட்டிருந்தேன். கட்டினேன். எல்லையை முழுவதுமாக நீக்கச் சொல்லிக் கடைசிக் கடிதமும் கொடுத்தேன். வீட்டுப் பத்திரத்தை மீட்பது தனி வேலை. 16ஏ படிவத்தில் எழுதிக் கொடுத்ததை 16என் படிவத்தில் விடுவிக்க வேண்டும், வக்கீல், நில அலுவலகம் என்று அது பாட்டுக்கு நடக்கும் என்றார்கள். ரமலான் மாதம். வரும் வழியில் பாசாரில் முர்தபாக் நாலு வாங்கினேன். வீட்டில் மனைவி நோட்டில் பெரிதாக ஒரு கோடு போட்டாள்.

ஏப்ரல் 1, ஹரிராயா (நோன்புப் பெருநாள்) இரண்டாம் நாள். சும்மா இருக்காமல் கைப்பேசியில் கணக்கைத் திறந்து பார்த்தேன். கழித்தல் 5 வெள்ளி 25 காசு. முதலில் யாரோ முட்டாள்கள் தினத்துக்கு விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. மார்ச்சில் அந்த 1,640 இருந்த 14 நாளுக்கான வட்டி. நாளைக்கு முப்பத்தேழரைக் காசு. மாதக் கடைசியில்தானே எடுப்பார்கள். நாம் கட்டி முடித்தாலும் அவர்கள் கணக்கு முடிய வேண்டாமா?

வங்கி மூடியிருந்தது. பணம் போடும் மெஷின் மட்டும் திறந்திருந்தது. மனைவியையும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு பத்து வெள்ளி நோட்டை நீட்டினேன். மெஷின் ஒரு தடவை துப்பியது, மடிப்பை நீவிவிட்டுக் கொடுத்தபோது எடுத்துக்கொண்டது. திரையில் 4 வெள்ளி 75 காசு.

மனைவி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு பணங்க?"

"நம்மதுதான்," என்றேன். அவள் நம்பவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய், கழித்தல் குறி இருக்கிறதா என்று பார்த்தாள்.